சம்பந்தி செத்த விதம்

நாடக விமர்சகன் ஓய்வு பெறுவதில்லை. பத்திரிகைதான் அவனிடமிருந்து ஓய்வு பெறுகிறது. என்னிடமிருந்தும் அப்படித்தான் பெற்றது. அதன்பின் சிட்லபாக்கம் வீட்டில் மனைவி சரோஜாவின் ரசம், டிவி சீரியல், தாம்பரம் ரயில் நிலையத்து அறிவிப்புக் குரல் என எல்லாவற்றையும் விமர்சித்து வந்தேன். (பிரசுரிக்கத்தான் ஆளில்லை.)

அந்தச் சமயத்தில் மகள் நித்யா, கூட வேலை பார்க்கும் கார்த்திக்கைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினாள். பேசி முடிக்கப் பையனின் பெற்றோர் அஸ்தினாபுரத்திலிருந்து வந்தார்கள். கேசரியை வாங்கியதுமே பையனின் அப்பா வரதராஜன் என்னை உற்றுப் பார்த்தார்.

"சார், 'மேடையில் ராஜாவைவிட நாற்காலி நன்றாக நடித்தது'ன்னு எழுதினது நீங்கதானே?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அட, இன்னும் ஞாபகம் வெச்சிருக்கீங்களே!"

"மறக்குமா சார்? அந்த ராஜா நான்தான்."

நித்யா தட்டோடு சிலையானாள். சரோஜா என்னைப் பார்த்த பார்வையை எழுதினால் எந்தப் பத்திரிகையும் போடாது.

"அது வந்து... அது நிஜமாவே நல்ல நாற்காலி" என்று சமாளித்தேன். (சமாளிக்கவில்லை.)

வரதராஜன் கேசரியைக் கீழே வைத்தார். "அன்னிக்கு எறங்கினவன், அப்புறம் மேடை ஏறவே இல்ல சார். இப்ப அந்தக் கடைசி சீனை நடிச்சுக் காட்டறேன். பாத்துட்டுச் சொல்லுங்க."

நான் எழுதியது ஒருவரைப் போய்க் குத்தியதை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

சோபா நகர்த்தப்பட்டது. மார்பில் அம்பு பாய்ந்த ராஜா தள்ளாடினார், டீப்பாயில் இடித்துக்கொண்டார், அதைச் சுற்றி வந்து நாட்டு மக்களுக்கு உபதேசம் செய்தார், ஒருவழியாக எங்கள் ஹாலில் சாய்ந்து உயிரை விட்டார். நித்யா கண்ணாலேயே கெஞ்சினாள். ஒரே ஒரு 'பிரமாதம்' போதும். வாயைத் திறந்தேன்.

"அம்பு பட்டவர் மாதிரி இல்லையே. நல்ல நேரம் பாத்துச் சாகறவர் மாதிரி இருக்கு."

பையனின் அம்மா வெடித்துச் சிரித்தார். "நானும் இதைத்தானே தலைதலையா அடிச்சுண்டேன், கேட்டாரா?"

தரையில் கிடந்த ராஜா ஒரு கண்ணைத் திறந்தார். "அப்போ எங்க சார் சாகலாம்?"

"டீப்பாய்க்கு முன்னாடியே."

எழுந்து மறுபடி செத்தார். இம்முறை நிஜமாகவே நன்றாகச் செத்தார். நான் எழுந்து நின்று கைதட்டினேன். கல்யாணம் நிச்சயமானது.

ரிசப்ஷனில் பெண்ணின் அப்பா என்று மைக்கைக் கொடுத்தார்கள். நாடகக் கலையின் வரலாற்றிலிருந்து நன்றியுரையைத் தொடங்கினேன். பந்திக்குக் கூட்டம் நகர ஆரம்பித்த நேரத்தில் முன்வரிசையிலிருந்து வரதராஜனின் ராஜகுரல் மண்டபம் அதிரக் கேட்டது.

"சம்பந்தி, டீப்பாய் வந்தாச்சு!"

இன்றும் எங்கள் இரண்டு வீட்டிலும் நான் பேச ஆரம்பித்தால், யாராவது ஒருவர் டீப்பாயை என் பக்கம் நகர்த்துகிறார்கள்.