கார்ட்டூன் வக்கீலுக்குப் பெண் பார்த்த கதை

அமெரிக்காவின் இரண்டு பெரிய சூப்பர் ஹீரோ கம்பெனிகளும் தங்கள் கார்ட்டூன் தொடர்களை எப்படி நடத்த வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்த ஒரே மனிதர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு லாட்ஜில் குடியிருந்தார். இந்த விஷயம் அமெரிக்காவுக்குத்தான் கடைசிவரை தெரியவில்லை.

அப்பா அம்மா வைத்த பெயர் கோர்ட்டில் கூப்பிடும்போது மட்டும் காதில் விழும். மற்றபடி ஊருக்கே அவர் கார்ட்டூன் வக்கீல். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு போடும் குடும்பம். முப்பதை நெருங்கும் வயது, இன்ஸ்பெக்டர்களே பொறாமைப்படும் மீசை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மீசையோடு லாட்ஜ் ஹாலில் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிட்டால், கிரிக்கெட் பார்க்க வந்தவர்கள் ஓசைப்படாமல் டீக்கடைக்குப் போய்விடுவார்கள். மேட்சுக்கு ஹைலைட்ஸ் உண்டு, இதற்கு உண்டா என்று அவர் ஆரம்பித்தால் மேட்சே முடிந்துவிடும். நான் அப்போது மருந்து கம்பெனி ரெப். அவருடைய அறைத்தோழன் என்பதால் எனக்குத் தப்பிக்க வழியில்லை.

இரண்டு கம்பெனிகளில் ஒன்று அவருக்குக் கட்சிக்காரர். மற்றது எதிர்த்தரப்பு. கட்சிக்காரர் ஒரே குழுவை வைத்துக்கொண்டு தொடருக்குப் பின் தொடராக எடுப்பார்களாம். ஒரு தொடரின் ஹீரோ அடுத்த தொடருக்குச் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வருவதுபோல வந்து போவாராம். முன்னால் நடந்த எதையும் யாரும் மறக்க மாட்டார்களாம். எதிர்த்தரப்புக்கு ஆள்பலமும் கலரும் ஜாஸ்தி, பொறுமைதான் கிடையாது. கதை பழுத்து வரும் நேரத்தில் கடையை மூடிவிட்டு, அதே ஹீரோவை வைத்து முதலிலிருந்து வேறு தொடர் ஆரம்பிப்பார்கள்.

“இவன் எத்தினி வாட்டிதான் மச்சான் பத்தாங்கிளாஸ் படிப்பான்?” என்று மனம் நொந்து கேட்பார்.

அப்புறம் ஏன் அதையும் விடாமல் பார்க்கிறீர்கள் என்று கேட்டால், எதிர்த்தரப்பு ஃபைலைப் படிக்காமல் எப்படி வாதாடுவது என்பார். உண்மை வேறு. எதிர்த்தரப்பின் தொடர் ஒன்றில் மனுஷன் மனதைப் பறிகொடுத்திருந்தார். அதன் கடைசிப் பகுதி ஒளிபரப்பாகும் நாளில் மஞ்சக்குப்பத்தில் கரண்ட் போய்விட்டது. மின்வெட்டு ஊருக்கு ஊர் நேரம் மாறி வந்த காலம் அது. நெல்லிக்குப்பத்தில் இப்போது கரண்ட் இருக்கும் என்று என்னைப் பைக்கின் பின்னால் ஏற்றிக்கொண்டு, கரும்பு டிராக்டர்களுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு, ஒரு டீக்கடை டி.வி. முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். கடைக்காரரைக் கெஞ்சி சேனலை மாற்றினோம். வில்லன் தப்பித்துவிட்டான். நண்பன் பகையாளியாகிவிட்டான். ஹீரோ தனியாக நின்றான். அவ்வளவுதான், தொடர் முடிந்தது. அடுத்த வாரத்திலிருந்து அதையே முதலிலிருந்து மறுபடியும் போட்டார்கள். வக்கீல் மறுநாள் கோர்ட்டுக்குப் போன கோலத்தைப் பார்த்து, அவருடைய சீனியர் தனியே அழைத்து, வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று விசாரித்தாராம்.

இப்படிப்பட்டவருக்குத்தான் சிதம்பரம் கீழ வீதியில் பெண் பார்க்கப் போனோம். பெண் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுப்பவர். அவருடைய அப்பா ஜவுளிக்கடை வைத்திருந்தார். கார்ட்டூன் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று வக்கீலின் அம்மா பஸ்ஸிலேயே சத்தியம் வாங்கியிருந்தார். பஜ்ஜி வந்தது, காபி வந்தது. பெண்ணின் அப்பா சாதாரணமாகப் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார். பிள்ளை கோயிலுக்குப் போவான் என்றார் அம்மா. நேருக்கு நேர் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்ல வக்கீலுக்கு வரவில்லை.

“சூப்பர் ஹீரோ கார்ட்டூன் பாப்பேங்க” என்றார்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அப்போது அறை வாசலிலிருந்து பெண்ணின் குரல் வந்தது.

“எந்த கம்பெனி?”

வக்கீல் சொன்னார். பெண் ஹாலுக்கே வந்துவிட்டார். அவர் எதிர்த்தரப்பு. வக்கீல் பத்தாங்கிளாஸ் வாதத்தை எடுத்து வைத்தார். பாதியில் விட்ட தொடர்களை வரிசையாக அடுக்கினார். பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகப் பேசினார்.

“பாதியில நிறுத்துறது தப்புதாங்க. ஆனா எங்காளுங்களுக்குச் சளி புடிக்குது, பஸ்ஸு உட்டுடுறாங்க, ஃப்ரெண்டுகிட்ட சண்ட போட்டுட்டு அழுவுறாங்க. உங்காளுங்க மொட்டமாடில நின்னு யோசிச்சிகிட்டே இருக்காங்க. முடிவு தெரியலன்னாலும் எங்காளுங்கதானே மனசுல நிக்கிறாங்க?”

கார்ட்டூன் வக்கீல் வாதத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஆறிப்போன பஜ்ஜியைக் கையில் எடுத்ததை நான் பார்த்தது அன்று ஒருமுறைதான். முடிவு தெரியாத அந்தத் தொடருக்காக டீக்கடையில் அவர் முகம் போன போக்கு எனக்குத் தெரியும், பெண் சொன்னது அவருக்கே நடந்ததுதான். பெண்ணின் அப்பா எழுந்து, யோசித்துச் சொல்லியனுப்புகிறோம் என்று கைகூப்பினார். வேண்டாம் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். பொம்மைப் படம் பார்க்கிறவனுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று அவர் பேசியது தரகர் மூலம் கடலூர் வரைக்கும் வந்து சேர்ந்தது.

வக்கீல் அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது, டி.வி. பக்கமே போகவில்லை. கிரிக்கெட்காரர்களே பயந்துபோய், வாங்க, கார்ட்டூன் போடட்டுமா என்று கேட்டார்கள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினார். நேராக ஜவுளிக்கடை. தயங்கித் தயங்கிக் கல்லா முன்னால் போய் நின்றார்.

“பொண்ணு கேட்டு வரலைங்க. அன்னிக்கு உங்க பொண்ணு சொன்னதுக்கு இன்னும் எனக்குப் பதில் கெடைக்கல. தோத்துட்டேன்னு அவுங்ககிட்ட சொல்லிடுங்க.”

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். தன் நிலத்தகராறு ஒன்று பல வருடமாகக் கோர்ட்டில் கிடப்பதாகச் சொன்னார். அதற்காக எத்தனையோ வக்கீல்களைப் பார்த்தவராம்.

“தோத்துட்டேன்னு சொன்ன வக்கீல இப்பதான் தம்பி பாக்குறேன்” என்றவர், உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். தை மாதம் கல்யாணம்.

அவர்கள் சிதம்பரத்திலேயே குடியேறினார்கள். எனக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. சில வருடம் கழித்து ஒரு மத்தியானம் அந்த வீட்டுக்குப் போனபோது, அவர் மனைவி டி.வி.யை அணைத்துவிட்டு வாடிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் ஆசையாகப் பார்த்துவந்த தொடரை அந்தக் கம்பெனி பாதியில் நிறுத்திவிட்டதாம். வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வக்கீலுக்குக் கிடைக்காது. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வக்கீலோ மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். “சரி, அவன் நிறுத்திட்டான். மீதிக் கதய நாம சொல்லிக்குவோம். மொதல்ல அந்தப் பையன் எங்க போயிருப்பான், சொல்லு.”

மனைவி சொல்ல ஆரம்பித்தார். வக்கீல் நடுநடுவே திருத்தினார், மனைவி ஒத்துக்கொள்ளவில்லை, என்னையும் நியாயம் கேட்டார்கள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஊருக்குத் திரும்ப வேண்டிய பஸ் போய்விடும் என்று தெரிந்தும், நான் எழுந்திருக்கவில்லை.