அடுப்புக்கரி கேட்ட மருமகளுக்கு

துல்கிபாஸ்,
ஜனவரிக் கடுங்குளிர்.

அல்மாட்டி மாநகரில் கரியோடு கரியாக வாழ்ந்து குலத்தை விளங்கச் செய்யும் என் அக்காள் மகள் சௌபாக்கியவதி அக்போத்தாவுக்கு, தாய்மாமன் தோலெகென் மனைவி, மக்கள், ஆடு, மாடு, குதிரை சகிதமாக எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம். கிழட்டு ஆடு மட்டும் இருமுகிறது. இப்போது நான் சொல்லப்போவதை நீ நம்பமாட்டாய். இந்தப் பூமியில் யாரும் நம்பமாட்டார்கள். எழுதும்போது எனக்கே இரண்டு இடத்தில் சந்தேகம் வந்தது. ஆனாலும் ரொட்டியின் மேல் கை வைத்துச் சத்தியமாகச் சொல்கிறேன்.

முதலில் என் மனக்குறை. அக்காள் பிள்ளை மூன்று தரம் எதைக் கேட்டாலும் தாய்மாமன் இல்லையென்று சொல்லக்கூடாது என்பது நம் வழக்கம். அதனால்தான் நீ நடக்கப் பழகிய நாளிலிருந்து என் லாயத்துக்கு இரட்டைப் பூட்டு. காற்றே ஒதுங்கி வழிவிடும் என் குதிரை கோக்ஜலை நீ கேட்டுவிடுவாயோ என்று நான் தூங்காத இரவுகளைச் சேர்த்துவைத்தால் இன்னொரு ஆயுள் தேறும். நீயோ வந்தாய், ஊரே வேலியில் தொற்றிக்கொண்டு பார்த்தது, வாயைத் திறந்தாய்: "மாமா, தோட்டத்துக்குப் பின்னால கொட்டி வச்சிருக்கீங்களே வால்நட் ஓடு, அது வேணும்." அடுத்த வருஷம் வந்து, "குளியலறை அடுப்புப் புகைபோக்கியில படிஞ்ச கரி வேணும்" என்றாய். பக்கத்து வீட்டு துய்சென் சிரித்த சிரிப்பில் அவன் பொய்ப்பல் என் முற்றத்தில் வந்து விழுந்தது. "ஏன்யா தோலெகென், குப்பையும் கரியும் கேக்குறாளே ஒழிய குதிரையைக் கேக்கலையே! அது அவ்வளவு நொண்டியா?" என்றான். கோக்ஜல் அதைக் கேட்டு அன்று புல் தின்னவில்லை.

போன மாதம் நீ என் வேனில் ஒரு கருப்புப் பெட்டியை மாட்டிவிட்டு, மின்தேக்கி என்று பெயரும் சொல்லி, எனக்குப் பாடம் நடத்தினாய் அல்லவா? "வால்நட் ஓட்டைக் கரியாக்கினா அதுக்குள்ள கோடிக்கணக்கா அறை மாமா. மின்சாரம் அங்கதான் தங்கும். ஆனா அறைக்கு அறை போக வழி சரியில்ல. போன வருஷப் பெட்டி அதனாலதான் மந்தமா இருந்துச்சு. உங்க புகைக்கரியைக் கழுவி, உலையில வச்சு எடுத்து, துளி கலந்தேன். அதுதான் இப்ப ரோடு." நான் தலையாட்டினேன். மனதுக்குள், பாவம், படிப்பு தலைக்கேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கான மன்னிப்பை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

சென்ற வாரம் என் மகன் எர்னாருக்குப் பெண் கொடுக்கத் தராஸிலிருந்து சம்பந்திகள் ஏழு பேர் ரயிலில் வந்தார்கள். ஸ்டேஷனில் யாரும் எதிர்கொள்ளாவிட்டால் அடுத்த ரயிலிலேயே திரும்பிப் போய்விடுவார்கள், எர்னார் பிரம்மச்சாரியாகவே நரைப்பான். காலையில் மைனஸ் அறுபது டிகிரி. என் மனைவி குல்ஷாத் வாசலில் நின்று திட்டிய வார்த்தைகள் காற்றிலேயே உறைந்து தரையில் விழுந்தன, அவற்றை மண்வாரியால் தள்ளிவிட்டுத்தான் வேனுக்குப் போனேன். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி காலமாகிவிட்டது. ஊரில் எந்த வண்டியும் அசையவில்லை. துய்சென் வேலியில் சாய்ந்தபடி, "கோக்ஜல் மேல ஏழு பேரையும் உக்கார வச்சு கூட்டிட்டு வாயேன்!" என்றான். குல்ஷாத், "ஏங்க, அந்தப் பொண்ணு ஏதோ பெட்டி வச்சாளே, அதைத்தான் பாருங்களேன்" என்றாள்.

நீ சொன்ன சுவிட்சைப் போட்டேன். குற்றுயிராகக் கிடந்த பேட்டரி சொட்டுச் சொட்டாகக் கொடுக்க, பெட்டி சொட்டுச் சொட்டாக வாங்கி வைத்துக்கொண்டது. நான் ஒரு கிண்ணம் பால் தேநீர் குடித்து முடித்தேன். பிறகு சாவியைத் திருப்பினேன். மருமகளே! அந்த உறுமலில் கிர்கிஸ் எல்லை வரை கூரைகளில் இருந்த பனி சரிந்தது. கோழிகள் வேகவைத்த முட்டையாகவே இட்டன. துய்சென்னின் தொப்பி இன்னும் கிடைக்கவில்லை. நான் ஸ்டேஷனை அடைந்தபோது சம்பந்திகளின் ரயில் தராஸிலிருந்து புறப்படவேயில்லை! ஒருவழியாக ரயில் வந்ததும் பெரிய சம்பந்தி இறங்கி வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்து, "குப்பைக்கே இவ்வளவு வலு இருக்குற வீட்டுக்குத்தான் என் பேத்தியைக் குடுப்பேன்" என்று அங்கேயே கை விரித்து ஆசீர்வதித்தார்.

அவர்கள் போனபின், நீ காகிதத்தில் மடித்து வைத்துவிட்டுப் போன மிச்சக் கரியில் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். மாவைவிட லேசு. ஒரு கரண்டிப் பொடியை விரித்தால் பள்ளிக்கூடக் கால்பந்து மைதானம் முழுக்கப் பரவும் என்றாயே! மைதானத்தை ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து மறுபடியும் கையைப் பார்த்தேன். எத்தனை வருஷமாக இதை வாளி வாளியாகக் கொட்டியிருக்கிறேன்! மூச்சு விடக்கூடப் பயமாக இருந்தது, அத்தனை அறையும் பறந்துவிடுமே.

ஆகவே மருமகளே, மூன்றாவதாக நீ மறுபடியும் ஓடே கேள், கரியே கேள், வீட்டுக் கூரையைக் கேட்டாலும் பிரித்துத் தருகிறேன். கோக்ஜலை மட்டும் கேட்டுவிடாதே. உன் பாதை வெண்மையாகட்டும், உன் உலை அணையாதிருக்கட்டும், உன் கை தொட்ட கரியெல்லாம் வெளிச்சமாகட்டும் என்று முகம் தடவி ஆசி கூறும்,

மாமன் தோலெகென்.

பி.கு.: குதிரையைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படி. துய்சென் இன்று காலையிலும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "மூணாவது என்ன, சாணியா?" என்று கேட்டான். கோக்ஜலுக்குப் பிடரி வாரியாயிற்று, லாயத்தில் பூட்டு இல்லை. வந்து கேள். உரக்கக் கேள், அவன் காதில் விழ வேண்டும். மற்றபடி அன்று குளிர் மைனஸ் பதினெட்டு டிகிரிதான். ரயில் மத்தியானம்தான் வந்தது, நடந்தே போயிருக்கலாம். சம்பந்தி தொட்டுப் பார்த்தது பெட்டியை அல்ல, குல்ஷாத் செய்த இறைச்சியை. இந்தக் கடிதத்தில் ஒரு சின்ன விஷயம்தான் உண்மை: விளக்கை மினுக்கவே திணறிய பேட்டரியும், நான் கொட்டிய குப்பையில் நீ செய்த பெட்டியும். சாவியைத் திருப்பினேன், வண்டி கிளம்பிவிட்டது.