கொண்டி போடாத கேட்

பெண் பார்க்கப் போகிறவனை உட்காரவைத்துக் கேசரி கொடுப்பதுதான் ஊர் வழக்கம். என்னை மட்டும் மலை ஏறவைத்துப் பார்த்தார்கள். மாப்பிள்ளையாக நிராகரிக்கப்படுவதில் நான் ஏற்கெனவே அனுபவசாலிதான். ஆனால், வியர்க்க விறுவிறுக்க நிராகரிக்கப்படப் போவது அதுவே முதல் முறை.

வேலப்பன் சார் வெகுகாலம் இங்கிலாந்தில் வேலை பார்த்துவிட்டு நாகர்கோவிலுக்குத் திரும்பியவர். அங்கே ஞாயிற்றுக்கிழமையானால் கூட்டமாகக் குன்று குன்றாக நடப்பார்களாம். இங்கேயும் ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு, பூதப்பாண்டிப் பக்கத்து மலையடிவாரங்களில் பகல் முழுக்க நடந்தார். அவர் மகள் சுஜாவுக்கு வரன் பார்ப்பதாகத் தரகர் வந்து சொன்னார். சார் என் ஜாதகத்தைக் கேட்கவில்லை. "பையன ஒருநாள் எங்ககூட நடக்கச் சொல்லுங்க. நடக்கையில ஆளு தெரிஞ்சுபோவும்" என்றாராம்.

நானோ அஞ்சுகிராமத்தில் பெயிண்ட் கடை வைத்திருப்பவன். கல்லாவிலிருந்து டீக்கடைவரை நடப்பதுதான் என் தேகப்பயிற்சி. (போனில் சார் விசாரித்தபோது, "முட்டத்துப் பாறையில எல்லாம் ஓடியே ஏறுவேன் சார்" என்று சொல்லித் தொலைத்திருந்தேன்.)

கிளம்பும்போது அம்மா வாசலில் நிறுத்திச் சொன்னாள்: "நல்ல காரியத்துக்குப் போற மக்கா. பொறத்தால எந்தக் கதவையும் அடச்சிராத. அடச்சா காரியமும் அடஞ்சுபோவும்." முந்தைய சம்பந்தம் தட்டிப்போனதற்குக் காரணம், அத்தான் கார் கதவை அறைந்து சாத்தியதுதான் என்பது அம்மாவின் தீர்ப்பு. எனக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. இதுவும் போனால் இனிமேல் தன்னால் முடியாது என்று தரகரே கைவிரித்திருந்தார். அந்த நிலைமையில் மனிதன் எதையும் நம்புவான்.

புதிதாக வாங்கிய ஷூ முதல் மேட்டிலேயே குதிகாலைக் கடித்தது. சுஜா எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். முதலில் அவள் முதுகுப்பை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

சார் வழியிலேயே ஒரு சட்டம் சொல்லியிருந்தார். "கடைசியா வாறவர் கேட்ட அடச்சுக் கொண்டி போடணும். இங்கிலாந்துல இதுதான் மொத மரியாத." கடைசியாக வந்தது யார் என்று சொல்லவேண்டியதில்லை. ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்த ஒரு தோப்பைக் கடந்து, இரும்புக் கேட்டின் முன்னால் நின்றேன். அடைத்தால் சம்பந்தம் போகும். அடைக்காவிட்டால் மரியாதை போகும். ரொம்ப யோசித்து, கேட்டைச் சாத்திவைத்துவிட்டுக் கொண்டி என்கிற தாழ்ப்பாளை மட்டும் போடாமல் வந்தேன். கொண்டி போடாத கதவு அடைத்த கதவாகுமா? (என் வாழ்நாளில் நான் செய்த ஒரே ராஜதந்திரம்.)

பாறை நிழலில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபோது கீழேயிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. "எவம்லே கொண்டி போடாமப் போனது? எனக்க ஆடெல்லாம் அடுத்தவனுக்க வாழயத் திங்குதே!"

பார்த்தால், ஆடுகள் பக்கத்து வாழைத்தோட்டத்தில் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி வரிசையாக நின்றன. சோற்றை வைத்துவிட்டு அத்தனை பேரும் இறங்கி ஓடினோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கிடாயிடம் முட்டு வாங்கினார். நான் துரத்திய ஆடு சற்று நேரத்தில் என்னைத் துரத்தத் தொடங்கியது. எல்லாவற்றையும் ஒருவழியாகத் தோப்புக்குள் விரட்டி முடித்தபோது, சுஜா ஒரு குட்டியை இடுக்கிக்கொண்டு மூச்சிரைக்க நின்றாள்.

சார் என்னிடம் வந்தார். "தம்பி, நீங்க கேட்ட அடச்சியளா?"

"அடச்சேன் சார்."

"கொண்டி?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். பசியும் குதிகால் வலியும் சேர்ந்து உண்மையை வெளியே தள்ளிவிட்டன. "நல்ல காரியத்துக்குப் போவும்போ பொறத்தால அடைக்கப்பிடாதுன்னு அம்மை சொல்லிச்சு சார்."

சாருக்கு முகம் செத்துவிட்டது.

"என்ன நல்ல காரியம்?" என்று ஒரு குரல் கேட்டது. சுஜாவின் குரல்.

அவளிடம் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கிலாந்து முறையில் இரண்டு பேரும் தானாகப் பழகட்டும் என்று சார் விட்டிருக்கிறார். அவளைப் பொறுத்தவரை நான் நடக்க வந்த யாரோ ஒரு குண்டன். அவள் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அப்பாவைப் பார்த்தாள். பூமி பிளந்திருந்தால் நான் உள்ளே போய்க் கொண்டியும் போட்டுக்கொண்டிருப்பேன்.

திரும்பும்போது சாயங்காலம் அதே கேட். வழக்கம்போல நான் கடைசி. எனக்கு முன்னால் போன சுஜா நின்றாள். "நீங்க போங்க, நான் அடைக்கேன்" என்று கொண்டியைப் போட்டு, பிடித்து ஆட்டியும் பார்த்தாள். பிறகு, "நடக்கவுள்ள காரியம்னா இதப் போட்டாலும் நடக்கும்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

அது சம்மதமா, வழியனுப்பா என்று எனக்கு விளங்கவில்லை. வழியனுப்புத்தான் என்று முடிவுகட்டி, அஞ்சுகிராமம் பஸ்ஸில் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

ஆனால், அது சம்மதம்தான்; காரியம் நடந்துவிட்டது. தாலி கட்டி முடித்ததும் அந்த நடைக்கூட்டம் மொத்தமும் மண்டபம் அதிர, "கொண்டி போட்டாச்சு!" என்று கத்தியது. இப்போதும் நாங்கள் ஏதாவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால், "அடச்சிராத மக்கா" என்று வீட்டுக்குள்ளிருந்து அம்மா குரல் கொடுப்பாள். "கொண்டி போட்டியளா?" என்று காருக்குள்ளிருந்து சுஜா கேட்பாள். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பேன்.