பீரோ ஏறும் காட்சி

தணிக்கை அரங்கில் இருந்தவர்கள்: தலைவர், வக்கீலம்மா, பல் டாக்டர், படத்தை ஓட்டும் ஆபரேட்டர், படத்தை எடுத்த இயக்குநர். வெளியே பெஞ்சில் இயக்குநரின் மாமியார். படத்துக்குப் பணம் போட்டவர் அவர்தான். 'எல்லாரும் பார்க்கலாம்' என்ற சான்றிதழ் இல்லாமல் தன் வீட்டுப் படியேறக் கூடாது என்று காலையிலேயே சொல்லிவிட்டார். இயக்குநருக்கு வேறு வீடு கிடையாது.

படத்தில் ஒரு கணவனும் மனைவியும் பீரோவை மாடிக்குத் தூக்குகிறார்கள். வியர்த்துப்போய் அவன் சட்டையைக் கழற்றுகிறான். அங்கேதான் தலைவர் நிறுத்தச் சொன்னார்.

"கதைக்குத் தேவைன்னா கலை. தேவையில்லேன்னா ஆபாசம்," என்றார் வக்கீலம்மா. "சட்டையோட தூக்கினா பீரோ ஏறாதா?"

இயக்குநர் மல்லுக்கு நிற்கவில்லை. ஆளை மங்கலாக்கிவிடலாம் என்றார். ஆபரேட்டர் அங்கேயே கம்ப்யூட்டரில் கழுத்துக்குக் கீழே மங்கலாக்கினார். இப்போது அவன் உடம்பில் பொட்டுத் துணிகூட இல்லாதது போலிருந்தது. பல் டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சரி, ஆட்களே வேண்டாம், மூடிய கதவைக் காட்டிச் சத்தத்தை மட்டும் விடலாம் என்றார் இயக்குநர். கதவுக்குப் பின்னால் மூச்சிரைத்தது. "மெதுவாங்க, இடிக்குது," என்றாள் மனைவி. "பீரோவைக் கெட்டியா புடி," என்றான் கணவன்.

திரையில் பீரோவே இல்லாதபோது பீரோ என்றால் என்ன அர்த்தம் என்று வக்கீலம்மா கேட்டார். வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. அந்தச் சொல்லின்மேல் 'கீ' என்று ஒரு சத்தம் போட்டு அமுக்கினார்கள்.

அதைக் கேட்டதும் தலைவருக்குக் காது சிவந்தது. மறுபடி போடச் சொன்னார். பல் டாக்டர் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். இன்னொரு தடவை, சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும் என்று வக்கீலம்மா. கடைசியில் மூவரும் ஒரே குரலில் 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று சொல்லிவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கிளம்பிப் போனார்கள்.

இயக்குநர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். மாமியார் எழுந்து நின்றார்.

"அத்தை, நான் கோர்ட்டுக்குப் போறேன். ஒரு வாரம் மட்டும் வீட்டுல..."

"பேசாதீங்க மாப்பிள்ளை. எல்லாச் சத்தமும் இங்க கேட்டுச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இப்படிப்பட்ட படம்னு ஏன் முன்னாடியே சொல்லல? வெட்டாததை எனக்கு மட்டும் போடச் சொல்லுங்க."

உள்ளே இருப்பது வெறும் பீரோதான் என்று இயக்குநர் சொல்ல வாயெடுப்பதற்குள், மாமியார் அரங்குக்குள் நுழைய, அவருக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.