யாகோப்பரின் வயலில் நான் பசளை வீசியது

சிவமயம்

டோர்ட்மண்டுக்குக் கிழக்கே ஒரு கிராமம்,
ஆவணி 1986

பெருமதிப்புக்குரிய தியாகராசா அத்தான் அவர்கட்கு,

சிற்றம்பலம் பணிவுடன் எழுதிக்கொள்வது. குளிரையும் உருளைக்கிழங்கையும் தவிர எனக்கு இங்கு ஒரு குறையுமில்லை. தங்களதும் அக்காவினதும் சுகத்தை, செல் குண்டு விழாத ஒரு நாளில், ஆறுதலாக எழுதவும்.

ஜேர்மன்காரர் கோதுமைக்குப் பசளை எப்படிப் போடுகிறார்கள் என்று வினவியிருந்தீர்கள். அதற்கு விடை கூறும் தகுதியை நான் இழந்துவிட்டேன் அத்தான். நடந்ததைச் சொல்லுறன், அக்காவுக்கு மட்டும் வாசிச்சுக் காட்டாதேங்கோ.

அகதியளுக்கு வேலை செய்ய அனுமதி இல்லாதபடியால், பக்கத்து வீட்டுக் கமக்காரர் யாகோப்பருக்குச் சும்மா ஒத்தாசைக்குப் போய்வந்தனான். இங்கை கோதுமையை ஐப்பசியிலை விதைக்கிறவை. அது பனிக்குக் கீழை நித்திரை கொண்டு பங்குனியிலை எழும்பும். யாகோப்பர் பசளையைப் பிரிச்சுப் பிரிச்சுத்தான் குடுப்பார்: பயிர் எழும்பேக்கை கொஞ்சம், தண்டு நீளேக்கை கொஞ்சம், கதிர் வர முந்திக் கொஞ்சம். ட்ரக்டருக்குப் பின்னாலை பூட்டின மிசின் ரெண்டு பக்கமும் ஒரேயளவா வீசிக்கொண்டு போகும். முதல்தரம் அப்பிடித்தான் நடந்தது. ரெண்டாந்தரத்துக்கு ஆயத்தப்படுத்தேக்கை மனுசனுக்கு நாரி பிடிச்சு, இடுப்பை நிமித்தேலாமல் ஆசுப்பத்திரியிலை. "மழைக்கு முந்திப் போடவேணும், மகனைக் கூப்பிடுறன்" எண்டார். "மகன் ஏன்? இது நெல்லுக்கு யூரியா எறிஞ்ச கை" எண்டன்.

எனக்கோ ட்ரக்டர் ஓடத் தெரியாது. வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கி அள்ளி அள்ளி எறிஞ்சன். றோட்டாலை போற சனம் பாக்குது எண்டு இன்னும் ரெண்டு கை கூட. நடுவயலுக்கு வர கை உளையத் தொடங்கிச்சுது. பின்கோடியிலை பசளையும் முடிஞ்சுது, நானும் முடிஞ்சன்.

கொஞ்ச நாளிலை, நான் எங்கையெங்கை களைச்சனான் எண்டதை ஊரே றோட்டிலை நிண்டு வாசிக்கக்கூடியதாப் போச்சுது. முன்பக்கம் கரும்பச்சை, நடுவிலை திட்டுத்திட்டு, பின்பக்கம் மஞ்சள். நான் கரும்பச்சையைப் பாத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்க, ஆனியிலை ஒரு இடிமழை. கொழுத்து வளந்த முன்பக்கம் பாய் விரிச்ச மாதிரிப் படுத்திட்டுது. வாடின பின்பக்கம்தான் நிமிந்து நிண்டது.

யாகோப்பர் பொல்லூண்டிக்கொண்டு வந்து கனநேரம் பாத்தார். அவரின்ரை பெரிய வயல் அதுதான்.

"சிற்றம்பலம், நீ பந்தியிலையும் இப்பிடியோ? முதல் இருக்கிறவைக்குப் பானையோடை, கடைசி ஆளுக்குப் பானை கழுவின தண்ணி?"

மனுசன் கோபிக்கேல்லை. கோபிச்சிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும். அறுவடையிலை மிசின் படுத்த பயிரைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தது. பாதிக் கதிர் ஈரத்திலை முளைச்சுப்போச்சுது. யாகோப்பர் முளைச்ச கதிர் ஒண்டைக் கையிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

இனி வயல் பக்கம் தலைவைச்சும் படுக்கமாட்டன் அத்தான். டோர்ட்மண்டுக்கு இடம் மாத்தச் சொல்லி அன்ராக், அதுதான் விண்ணப்பம், எழுதி வைச்சிருக்கிறன். இந்தக் கடிதத்தோடை அதையும் தபாலிலை சேர்ப்பன்.

தங்கள் தோட்டத்துக்கு வேண்டிய மழையும், அக்காவின் முழங்காலுக்கு வேண்டிய ஆறுதலும் நல்லூர்க் கந்தன் குறைவின்றி அருளட்டும்.

தங்கள் அன்பு மைத்துனன்,
க. சிற்றம்பலம்

பி.கு.: மேலை எழுதினதைக் கணக்கெடுக்காதேங்கோ. முத்திரை வாங்கப் போக யாகோப்பர் மறிச்சு, "பங்குனிக்கு எனக்கு ஆள் வேணும், ட்ரக்டர் பழகு" எண்டு பிடிச்சு ஏத்திவிட்டார். நல்லா ஓடினன், ஆனால் பின்பக்கமா. கோழிக்கூடு போச்சுது, கோழியள் சுகம். கூட்டைத் திருப்பிக் கட்டவேணும், விதைப்பும் வருகுது, டோர்ட்மண்டுக்குப் போக எனக்கு எங்கை நேரம்?