பைப்பைத் தொடக் கூடாது

"சார், கையை எடுங்க."

துளசிராம் எடுக்கவில்லை. பெட்ரோல் பைப்பை அவர் ஒரு பக்கமும், பங்க்கில் வேலை பார்க்கும் பாண்டிச்செல்வி மறு பக்கமும் பிடித்திருந்தார்கள்.

"நானே போட்டுக்கிறேன்மா. அமெரிக்காவுல நான்தான் போடுவேன்."

"இது கோச்சடை சார். வண்டியில உக்காந்து எம்புட்டுக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"முதல்ல கார்டை எங்க சொருகணும்?"

"முதல்ல பெட்ரோலு. அப்புறந்தான் கார்டு. அந்த ஊர்ல மனுசங்களை நம்ப மாட்டாங்களா?"

காருக்குள்ளிருந்து மனைவி லலிதாம்பாள் சௌராஷ்டிரத்தில் திட்டினார். வெளியாட்களுக்குப் புரியக் கூடாத திட்டெல்லாம் அந்த மொழியில்தான். போன ஊரை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும், பேசாமல் வண்டியில் ஏறுங்கள் என்பது அதன் சாரம்.

டாலஸில் மகள் வீட்டில் அவருக்கு வேலை எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காருக்குப் பெட்ரோல் போடுவது மட்டும் அவருடையது. மகள் இந்துப்ரியா கார்டைச் சொருகிவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்வாள். பைப் அவர் கையில். பின் கண்ணாடியில் பேத்தி மூக்கைச் சப்பையாக அழுத்திக்கொண்டு பார்ப்பாள். டாங்க் நிறைந்ததும் பைப் தானாகத் துள்ளி நிற்கும். உள்ளங்கையில் தெரியும். பேத்தி கைதட்டுவாள்.

அந்தத் துள்ளல் ஒரு தடவை வேண்டும். அவ்வளவுதான்.

மேனேஜர் தமிழ்மாறன் வந்தார். "என்ன சார் பிரச்சினை?"

உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "அளவு சரியா இருக்கான்னு பாக்கணும்" என்றார் துளசிராம்.

மேனேஜரின் முகம் மாறியது. வெள்ளைச் சட்டையையும் பையில் இருந்த இரண்டு பேனாக்களையும் பார்த்தார். "சார் எந்த டிபார்ட்மெண்ட்?"

துளசிராம் விளக்குத்தூணில் சேலைக் கடை வைத்திருந்தவர். பதில் தோன்றாமல் நின்றார். அப்படி நிற்பவர்கள் அதிகாரிகள்தான் என்பது மேனேஜரின் அனுபவம்.

எல்லாப் பைப்புகளும் நின்றன. நாற்காலி வந்தது. இளநீர் வந்தது. அளவுக் கேன் வந்தது.

"நானே புடிச்சு ஊத்திப் பாக்குறேன்."

"ஐயோ, சார் கையில பெட்ரோல் படலாமா? பாண்டிச்செல்வி, நீ புடி."

மேலே தெறிக்காமல் இருக்க நாற்காலியையும் தள்ளிப் போட்டார்கள். பைப் இன்னும் தூரமாகிவிட்டது.

பின்னால் ஆட்டோக்காரர் உக்கிரபாண்டி ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. "அண்ணே, திருப்பரங்குன்றத்துல முகூர்த்தம்ணே! மாப்பிள்ளையே என் வண்டியிலதான் இருக்காரு!"

மாலையோடு மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார்.

கேன் கோடு வரை சரியாக நிறைந்தது.

"திருப்தியா சார்? ஐடி கார்டைக் காட்டுனீங்கன்னா முதலாளிக்குச் சொல்லிருவேன்."

துளசிராம் இளநீரோடு எழுந்தார். "நான் ஆபீசர் இல்லைங்க. பைப்பைக் கொஞ்சம் புடிச்சுப் பாக்கணும்போல இருந்துச்சு. பேத்தி ஞாபகம்."

ஹாரன் நின்றது.

"அதுக்கா அண்ணே இம்புட்டும்?" என்றார் உக்கிரபாண்டி.

பங்க்கே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. இளநீரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"வண்டியில ஏறுங்க சார்."

ஏறினார். பின் கண்ணாடியில் வெயில் மட்டும் இருந்தது. பாண்டிச்செல்வி பெட்ரோல் போட்டாள். டாங்க் நிறைந்த சத்தம் உள்ளே லேசாகக் கேட்டது. கையில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் லலிதாம்பாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். அவமானம் என்று நினைத்துக்கொண்டார் துளசிராம்.

பாண்டிச்செல்வி கார்டு மெஷினோடு அந்த ஜன்னலுக்கு வந்தாள். குனிந்தாள். முந்தானைக்குள் இருந்த முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஏம்மா, மேனேசர் வாரதுக்கு முன்னாடி வெள்ளனவே ஸ்கூட்டியில வந்து நீங்களே பைப்பைப் புடிச்சுப் போட்டுட்டுப் போறீங்கள்ல, ஒருநா இவரையும் கூட்டியாந்திருக்கலாம்ல?"