நாம சாரின் அவுட்புட்

மனித குலத்தில் 'நாம சார்' என்றொரு வகை உண்டு. எங்கும் விளையும், ஆய்வு மையங்களில் கொழுத்து விளையும். பொத்தேரிப் பக்கம் ஒரு சூரிய ஆற்றல் ஆய்வு மையத்தில் இயக்குநராக இருக்கும் யக்ஞநாராயணனைப் பார்த்துவிட்டீர்களானால் மற்றவர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை.

சூரியனைப் பற்றி மலைமலையாகக் கட்டுரை தந்தவர் அவர். அறையில் திரைச்சீலை விலகியதில்லை, ஏசி நின்றதில்லை, பட்டப்பகலில் விளக்கு எரியும். சூரியனை அவர் நேரில் சந்திப்பது சிட்லபாக்கத்து வீட்டு வாசலிலிருந்து காருக்குப் போகும் நாலு எட்டில்தான். அதற்கும் குடை. "உங்க சென்டரோட அவுட்புட் எவ்வளவு சார்?" என்று யாராவது கேட்டால், மின்சாரத்தைக் கேட்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. "இந்த வருஷம் அறுபத்தேழு பேப்பர். எல்லாம் இன்டர்நேஷனல் ஜர்னல்" என்பார்.

அறுபத்தேழையும் அவர் எழுதினாரா? எழுதவில்லை. படித்தாராவது? அதுவும் இல்லை. அங்கேதான் தமிழ் அவருக்குக் கைகொடுக்கிறது. கேட்பவரைச் சேர்த்துக்கொள்ள 'நாம்', தள்ளிவைக்க 'நாங்கள்' என்று முன்னோர் இரண்டு சொற்களை எதற்கோ உண்டாக்கி வைத்தார்கள். வேலை பாக்கி இருக்கும்வரை இவருக்கு 'நாம'. பெயர் வாங்கும் நேரத்தில் 'நாங்க'.

கைனாத் அங்கே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவள். மையம் ஊரெல்லாம் பெருமையடித்த 'தூசி ஒட்டாத பூச்சு' ஒன்றைச் சூரியத் தகடுகளில் பூசி, ஜிஎஸ்டி சாலைப் புழுதியில் ஒரு வருஷம் மொட்டை மாடியில் காய்ந்து, அது ஒரே மழைக்காலத்தில் உரிந்துவிடுகிறது, ஈரத்துணியால் துடைத்த தகடே மேல் என்று கண்டுபிடித்துக் கட்டுரையும் எழுதினாள். அதில் முதல் பெயர் அவளுடையதாக இருந்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும்.

"நாம இதை ஜர்னலுக்கு அனுப்பிடலாம்மா" என்றார் இயக்குநர். அனுப்பினார். முதல் பெயர் அவருடையது. அடுத்தது துணை இயக்குநர். அதற்கடுத்து, ராஜகீழ்ப்பாக்கத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் துணை இயக்குநரின் மைத்துனர். கடைசியில் கைனாத்.

"சார், மாடியில நின்னது நான் ஒருத்திதான் சார். என் பேரு முதல்ல வரலைன்னா தீசிஸ் குடுக்க முடியாது."

"முதல், கடைசின்னு பிரிச்சுப் பாக்கலாமாம்மா? நாம ஒரு குடும்பம் இல்லியா?"

வெளியே காத்திருந்த சக ஆய்வாளன் எழில், "குடும்பம்னு சொல்லிட்டாரா? அப்ப சொத்து போச்சுக்கா" என்றான்.

அடுத்த வாரம் மதிப்பீட்டுக் குழு வந்தது. குழுத் தலைவர் சந்திரிகா, அச்சேறாத கட்டுரைகளையும் வாங்கிப் படித்துவிட்டு வந்திருந்தார். அப்படிப் படித்துவிட்டு வருவது வழக்கமில்லை. இயக்குநர்தான் என்ன செய்வார், பாவம். "இது நாங்க பண்ணது, இதுவும் நாங்க பண்ணது" என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். கைனாத் ஓரமாக நின்றாள். அவள் கட்டுரை வந்தது.

"உங்க பூச்சு உதவாதுன்னு இதுல எழுதியிருக்கே?" என்றார் சந்திரிகா.

ஏசியிலும் இயக்குநருக்கு வேர்த்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும்.

"எனக்கு இதுல சம்பந்தமே இல்ல மேடம். இந்தப் பொண்ணு தானா பண்ணது. எங்க பேரெல்லாம் சும்மா மரியாதைக்குப் போட்டிருக்கா."

"அப்படியா? இங்கேர்ந்து வந்ததுல படிக்கிற மாதிரி இருக்கறது இது ஒண்ணுதான். அப்ப மத்த பேரை எடுத்துடுங்க, இவங்க பேர்லயே வரட்டும்."

"இல்ல மேடம், ஐடியா வந்து... நாம..."

"நாமன்னா யாரு சார்?" என்று கேட்டவள் கைனாத்.

இயக்குநர் அடுத்த கட்டுரையை எடுத்துக் காட்டினார். பெயர்ப் பட்டியல் திருத்தப்பட்டு, கட்டுரை ஒற்றைப் பெயரோடு அச்சேறியது, பின்னாலேயே ஆய்வேடும் போயிற்று.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு விருந்துக்கு வந்தவர் மீன் குழம்பைப் புகழ்ந்தபோது, "நாங்க எப்பவும் மண்சட்டியிலதான் வைக்கிறது" என்றது யார்? உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல் என்று அவர் இழுத்ததும், சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டிவிட்டுக் கைகழுவப் போனது யார்?